சேதுக் கரையில் சும்மா ஓடும் ஒலி: அமைதி ஒவ்வாமை குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

ஒலிகளைக் கேட்பவரின் நோக்கம் கொண்டு வகுக்கப் புகுந்தால் மூன்று இனங்கள் கிடைக்கும்: விரும்பிக் கேட்பவை, வேண்டாமலே காதில் விழுபவை, கேட்பதற்கென்று போட்டுவைத்துவிட்டுக் கேட்காமல் விடப்படுபவை. முதலினத்தைக் கவனிக்கச் சங்கீத விமர்சகர்களும் இரண்டாம் இனத்தைக் கவனிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இருக்க, மூன்றாம் இனம் மட்டும் ஆராய்வாரின்றி நாதியற்றுக் கிடக்கிறது. இக்கட்டுரை அதனைப் ‘பின்னணி ஒலி’ என்றும், அது இல்லாத வேளையில் மனிதருக்கு உண்டாகும் நிலைகொள்ளாமையை ‘அமைதி ஒவ்வாமை’ என்றும் வழங்கும். ராமநாதபுரத்தில் தொடங்கி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வழியாக ராமேசுவரம் வரை நீளும் சேதுக் கரையோரம் இவ்வாய்வின் களமாகக் கொள்ளப்பட்டதற்கு, இவ்விரண்டும் அங்கே செழித்து வளர்ந்திருப்பதும், அதற்குத் தக்க காரணம் இருப்பதும் ஆகிய இரு நியாயங்கள் உள.

முதலில் வகைமாதிரி ஒன்றைக் காண்க. தென்னங்கீற்றுக் கொட்டகையின் நடுக்காலில், உப்புக் காற்றுக்கு அஞ்சிப் பாலித்தீன் பையில் சுற்றப்பட்ட ரேடியோ ஒன்று தொங்குகிறது. முறிந்துபோன அதன் ஏரியலுக்குப் பதிலாகக் கட்டப்பட்ட செப்புக் கம்பி கூரை வரை ஓடுகிறது. அதன் கீழே வலையின் கிழிசலைச் சரிசெய்து கொண்டிருந்த பெரியவர், ஊசி விரலில் இருந்தபடியே, உட்கார்ந்த வாக்கில் உறங்கிவிட்டிருக்கிறார். என்ன பாட்டு ஓடுகிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. எந்த நிலையம் என்பதும் தெரியாது. ஆனால் யாரேனும் இரக்கப்பட்டு அதை நிறுத்திவிட்டால், “ஏம்ப்பா அமத்துன? கேட்டுக்கிட்டுத்தானே கெடக்கேன்” என்ற கண்டனம் கண் திறக்கும் முன்பே எழுகிறது. பின்னணி ஒலியின் முதன்மை இலக்கணம் இதனால் நிறுவப்படுகிறது: ஓடும்போது கேட்காது, நின்றால் கேட்கும். இதில் மாயம் ஏதுமில்லை. மாறாமல் தொடரும் தூண்டலைப் புலன்கள் மெல்லக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதையும், மாற்றம் நேர்ந்த கணத்தில் மட்டும் விழித்துக்கொள்வதையும் உளவியலார் ‘பழக்கமடைதல்’ என்பர். கோடை இரவில் கரண்ட் போனதும் புழுக்கம் உறைக்கும் முன்பே உறக்கம் கலைவதும், ஃபேன் இரைச்சல் நின்றுபோன செய்தி வியர்வையை முந்திக்கொண்டு மூளைக்குப் போய்ச் சேர்வதும் இவ்விதியின்படியே.

இனி நிலவியலுக்கு வருவோம். ராமேசுவரம் தீவு இரு கடல்களுக்கு நடுவே கிடக்கிறது. தெற்கே அலையெறியும் மன்னார் வளைகுடாவை ‘ஆண் கடல்’ என்றும், வடக்கே குளம் போலக் கிடக்கும் பாக் விரிகுடாவைப் ‘பெண் கடல்’ என்றும் அப்பகுதியினர் சொல்வர். இப்பெயரீட்டில் எந்தப் பாலினரின் கருத்துக் கேட்கப்பட்டது என்பது தனி ஆய்வுக்குரியது. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. தென்திசைப் பெருங்கடலின் அலைகள் அதற்குள் புகாதபடி தீவும் ஆதாம் பாலத்து மணல் திட்டுகளும் மறித்து நிற்கின்றன. ஆகவே அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட வரும் வெளியூர்க்காரர், கடல் என்றால் இரைய வேண்டும் என்று நம்பி வந்தவராயின், சற்றே ஏமாற்றமடைகிறார். வாடைக் காற்று பிறக்கும் மாதங்களில் இந்த ஏற்பாடு தலைகீழாகிப் பெண் கடல் குமுறத் தொடங்கும் என்றாலும், ஆண்டின் பெரும்பகுதியில் தீவின் ஒரு கரைக்கு இயற்கையே பின்னணி ஒலியை இலவசமாக வழங்க, மறுகரை அதனைப் பேட்டரி போட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய ஒலி உண்டு என்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுகையில் தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தார். நெய்தலுக்கு மீன்கோட்பறையும் விளரி யாழும் உரியன என்று உரைகாரர் வழி அறிகிறோம். அதாவது, ஒரு நிலத்தில் யார் காதலித்தாலும் யார் பிரிந்தாலும் பின்னால் ஏதோ ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். நெய்தல் தலைவி கடல் இரைச்சலால் உறக்கமின்றி வாடியதாகப் புலவர் பலர் பாடியுள்ளனர். அவள் பெண் கடல் பக்கம் பிறந்திருந்தால் அப்பாடல்கள் நமக்குக் கிடைத்திருக்க மாட்டா.

மீன்கோட்பறையின் இடத்தை இருபதாம் நூற்றாண்டில் வானொலி பிடித்துக்கொண்டது. அதிலும் இக்கரையின் வானொலி பெரும்பாலும் அயல்நாட்டினுடையது. 1952இல் மத்திய அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமளிக்க மனமின்றிச் சாஸ்திரிய சங்கீதத்தை ஊட்ட முனைந்தபோது, நேயர்கள் குமிழைச் சற்றே திருகி இலங்கைக்குப் போய்விட்டனர். அவர்களைத் திரும்ப அழைத்துவர 1957இல் விவித்பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. சேதுக் கரை மட்டும் அழைப்புக்குப் பெரிதாக இணங்கவில்லை. மத்திய அலை எனப்படும் வானொலி அலை நிலத்தைத் தழுவிச் செல்கையில் விரைவில் தேய்ந்துவிடும். உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால் கடலைத் தழுவிச் செல்கையில் அவ்வளவாகத் தேயாது. தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடப்பது முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான உப்பு நீர். ஆகவே கொழும்பு வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி ராமேசுவரத்துக் காலை நேரத்தின் அங்கமாயிற்று; அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பு, பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியரின் உச்சரிப்புக்கு ஓயாத கண்டனமாக வீடுதோறும் நிலைபெற்றது. இரு நிலையங்களுக்கு நடுவே முள் நின்றுவிட்டால் எழும் கரகரப்பையும் எவரும் நிறுத்தியதில்லை. எல்லா அதிர்வெண்களும் ஏறத்தாழச் சம அளவில் கலந்த அவ்வொலியை விஞ்ஞானிகள் ‘வெள்ளை இரைச்சல்’ என்பர். திடீரெனக் கேட்கும் பிற சத்தங்களை மூடி மறைத்து உறக்கத்தைக் காக்கும் தன்மை அதற்குண்டு என்று கண்டு, அதற்கென்றே தனிக் கருவிகள் செய்து விற்கிறார்கள். பழுதான ரேடியோ அதே பணியைச் செலவின்றிச் செய்து வந்தது.

இத்தனையும் ஒலியின் வரலாறு. ஒவ்வாமையின் காரணமோ கரையில் இல்லை, கடலில் இருக்கிறது. பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களும் நாட்டுப்படகுகள் ஏனைய நாட்களும் தொழிலுக்குப் போவது நெடுநாளைய ஏற்பாடு. விசைப்படகின் டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருவர் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். ஆயினும் முறைவைத்து உறங்குபவர் அதன் மேல்தட்டிலேயே, அந்த அதிர்விலேயே, அடித்துப் போட்டது மாதிரி உறங்குகிறார். அவரை எழுப்ப ஒரே வழி இன்ஜினை நிறுத்துவது. நடுக்கடலில் இன்ஜின் தானாக நின்றால், படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். எல்லைக் கோடு அருகிலிருக்கும் கடலில் அது எந்தப் பக்கம் என்பது உயிர்க் கேள்வி. ஆகவே சத்தம் என்றால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள், அமைதி என்றால் ஏதோ ஒன்று நின்றுவிட்டது என்று பொருள். இந்தப் பாடத்தைக் கடலில் கற்றவர் வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் நகரத்து மனநல அறிஞர், அமைதி ஒவ்வாமையை நோய்ப் பட்டியலில் சேர்க்கும் முன் ஒருமுறை படகேறிப் பார்ப்பது நலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரை அமைதியடையும் என்று கருதுவோரும் ஏமாறுவர். கரையேற்றிய படகுகளில் சுத்தியல், இழைப்புளி, வெல்டிங், பெயிண்டு அடிப்பவரின் செல்போன் பாட்டு என்று அவ்வெற்றிடம் ஒரு வாரத்துக்குள் நிரப்பப்பட்டுவிடுகிறது.

ரயிலும் இதே இலக்கணத்துக்கு உட்பட்டது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் போக்குவரத்து நிறுத்தப்பட்டு வந்தது; எனவே நேரத்துக்குக் கேட்க வேண்டிய தடதடப்பு கேட்கவில்லையென்றால் காற்று மிஞ்சிவிட்டது என்று, வானிலை அறிக்கைக்குக் காத்திராமல் அறிய முடிந்தது. 2022 டிசம்பரில் அப்பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்படும் வரை தீவுக்குப் பயணிகள் ரயிலின் ஒலியே இல்லை. ஒரு தீவு முழுவதற்கும் ஒரு குறிப்பிட்ட ஒலியை மட்டும் இரண்டேகால் ஆண்டு நிறுத்திவைத்துப் பார்க்கும் இவ்வரிய வாய்ப்பை எந்தப் பல்கலைக்கழகமும் பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஊரைவிட்டு ஒலி போனதற்கு மறுதலையாக, ஊரைவிட்டுப் போனவரை ஒலி தேடிப்போவது கீழக்கரையில் காணப்படுகிறது. ‘சபுராளி’ என்று அங்கே சொல்லப்படும், வெளிநாட்டில் பிழைப்புத் தேடிப் போனவர், விடுமுறை நாளில் வீட்டுக்குப் போன் போடுகிறார். பேச வேண்டியதெல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆயினும் “வச்சிராதம்மா, அப்படியே கெடக்கட்டும்” என்கிறார். அம்மா போனை அடுக்களைத் திண்டில் சாய்த்துவிட்டு வேலையைப் பார்க்கிறார். துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள அறையில் கீழக்கரை மிக்ஸியும், குழாய்த் தண்ணீரும், பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்ட கடனும், அஸர் தொழுகைக்கான பாங்கும் ஒரு மணி நேரம் ஓடுகின்றன. பின்னணி ஒலியை ஏற்றுமதி செய்யும் இந்த வாணிபம் எந்தச் சுங்கப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

மேலை நாட்டு ஆய்வுகள் இப்பொருளில் சற்றுப் பின்தங்கியே உள்ளன. 2014இல் அமெரிக்க உளவியலாளர் திமோதி வில்சனும் குழுவினரும், ஆட்களை வெற்று அறையில் கால் மணி நேரம் தம் எண்ணங்களோடு மட்டும் தனியே இருக்கவிட்டு, வேண்டுமானால் தமக்குத் தாமே லேசான மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பொத்தானையும் வைத்தனர். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அதை அழுத்தினர். மின்சாரத்தை ஒரு டிவிக்குச் செலுத்தியிருந்தால் அத்தனை பேரும் அலுங்காமல் உட்கார்ந்திருப்பர் என்பதைச் சேதுக் கரையின் எந்தக் குழந்தையும் ஆய்வாளருக்குச் சொல்லியிருக்கும். இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951இல் ஹார்வர்டில் எதிரொலியற்ற அறை ஒன்றினுள் நின்றபோது தம் உடம்புக்குள்ளிருந்தே இரு ஒலிகள் கேட்டன என்று சொல்லி, மறு ஆண்டு நான்கு நிமிடம் முப்பத்து மூன்று வினாடி எதுவும் வாசிக்காத இசைக்கோவையைப் படைத்தார். அதனை ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் நிகழ்த்தினால், “பரமக்குடி, மானாமதுரை, மதுரை” என்ற கூவலுக்கு நடுவே கச்சேரி எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பதை வாத்தியக்காரரே ஒருவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டத்தின் நிலை இன்னும் பரிதாபமானது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வகுத்துள்ளன. சாதாரண உரையாடலே ஏறக்குறைய 60 டெசிபல் என்பதால், திண்ணையில் அமர்ந்து மூன்றாமவரைப் பற்றிப் பேசும் இருவர் விதியை மீறியவராகிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தலில் குழாய் கட்டி, விடியலில் “ஹலோ, மைக் டெஸ்டிங்” சொல்பவரின் குற்றம் அதன்பின் வெறும் அளவு வேறுபாடே. கூம்புக் குழாய் பாடத் தொடங்கினால் கல்யாணம் நிச்சயம் நடக்கிறது என்று அண்டை ஊர் அறியும். நடுவில் நின்றால் என்ன தகராறு என்று விசாரிக்க ஆள் வரும்.

இவ்வளவுக்கும் எதிரான வலுவான சான்று ஒன்று இம்மாவட்டத்திலேயே உண்டு என்பதை நேர்மையுள்ள ஆய்வு மறைக்கலாகாது. மௌனத்தையும் சும்மா இருத்தலையும் வாழ்நாளெல்லாம் பாடிய 18ஆம் நூற்றாண்டுத் தாயுமானவரின் சமாதி ராமநாதபுரம் லெட்சுமிபுரத்தில் இருக்கிறது. ஆனால் அவர் மௌனத்தை நாடினார் என்பதோடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் பாடினார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

எஞ்சியிருப்பது ஒரு நடைமுறை ஐயம்: எதையும் கேட்காமலே ஓடவிடும் ஊருக்கு, கேட்டே ஆக வேண்டியதை எப்படிச் சொல்வது? பாம்பனிலிருந்து மீனவருக்கென்றே ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ 90.4 பண்பலை, பாட்டுக்கு நடுவே காற்றையும் அலையையும் பற்றிச் சொல்கிறது. கொலின் செர்ரி என்பார் 1953இல் ஆராயத் தொடங்கிய ஒரு தன்மை இங்கே கைகொடுக்கிறது; பல குரல்களின் இரைச்சலில் கவனிக்காமல் விட்ட பேச்சிலும்கூடத் தன் பெயர் வந்தால் காது சட்டென்று பிடித்துக்கொள்வதைப் பின்வந்தோர் காட்டினர். கொட்டகைப் பெரியவருக்கும் ‘காற்று’ என்ற சொல் கிட்டத்தட்டப் பெயர் சொல்லி அழைப்பதற்குச் சமம். அரசோ மிகப் பழைய முறை ஒன்றையும் கைவிடவில்லை: புயல் வரும் என்றால் பாம்பன் துறைமுகக் கம்பத்தில் எண்ணிட்ட எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். சத்தமே போடாத இக்கருவி, அமைதி ஒவ்வாத ஊரில் தன் கடமையை எங்ஙனம் ஆற்றுகிறது என்று வியப்போருக்கு விடை எளிது. கூண்டு ஏறிய சேதியை டிவி சொல்கிறது, டீக்கடை அதைத் திருப்பிச் சொல்கிறது, அதன்பிறகு நாலு பேர் வெளியே வந்து, எத்தனாம் நம்பர் என்று உரக்கக் கேட்டபடி கம்பத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள்.