தட்டைத் திரையின் மூப்பியல்: ஒரு முன்னாய்வு

உலா பாடிய புலவர்கள் பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் வகுத்துவைத்தார்கள். தட்டைத் திரை டிவிக்கு அப்படி யாரும் வகுக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் தொடங்கி கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா வரை சாப்பாட்டுக் கடைகளில் சுவருக்குச் சுவர் சான்றுகள் தொங்கியும் அறிஞர் உலகம் அண்ணாந்து பார்க்காதது வியப்பே. களப்பணி பெரும்பாலும் தே தாரிக் நேரத்தில் நடந்தது.

முதலில் கால அளவை. டிவியின் வயதை வருடத்தில் சொல்வது பாமர வழக்கு. மணியில் சொல்வதே சாத்திரம். எல்சிடி டிவியின் பின்விளக்குக்குப் பொதுவாக 50,000 மணி நேரம் ஆயுள் சொல்வார்கள். அதற்குள் வெளிச்சம் பாதியாகிவிடும். வீட்டில் நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் 27 வருடம் வரும். இரவு பகல் மூடாத மாமாக் கடையில் அதே பெட்டிக்கு ஆறு வருடம்கூடத் தேறாது. முதலாளி மகன் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தபோது மாட்டியது, அவன் ஆறாம் ஆண்டு முடிப்பதற்குள் கிழடு.

பிளாஸ்மா டிவிகளின் காலத்தைக் கல்வெட்டுக் காலம் எனலாம். கடை திறந்த நாளிலிருந்து ஒரே சேனல். மூலையில் ஆஸ்ட்ரோ வானவில் சின்னம் அசையாமல் நிற்கும். பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி வாயு அறை. அதன் பாஸ்பர் பூச்சு ஒளிர ஒளிரத் தேயும். சின்னம் நின்ற இடம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்து, சேனலை மாற்றினாலும் மாறாத நிழலாகிவிடும். பந்தாட்டம் ஓடும்போது புல்தரையில் பழைய சேனலின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். சோழன் உளியால் வெட்டினான். இங்கே ஒளியே வெட்டியது. பானாசோனிக் 2013 கடைசியிலும், சாம்சுங்கும் எல்ஜியும் 2014-லும் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்திவிட்டதால் இவ்வகைச் சான்றுகள் அருகி வருகின்றன. ஓஎல்இடியிலும் புள்ளிகள் தாமே ஒளிர்ந்து தேய்வதால் மரபு அறுந்துவிடவில்லை. ஆனால் ரொட்டி சானாய் விற்ற காசில் அதை வாங்கி மாட்டுகிறவர் இன்னும் தென்படவில்லை.

எல்சிடியில் முதலில் வருவது நிலாப் பருவம். பின்விளக்கின் ஒவ்வொரு எல்இடி மேலும் குமிழ்போல ஒரு லென்ஸ் ஒட்டியிருக்கும். சூட்டில் பசை காய்ந்து அது கழன்று விழுந்தால் அந்த இடம் வெள்ளை வட்டமாகத் தெரியும். கதாநாயகி மொட்டை மாடியில் பாடுவாள்; வானத்தில் நான்கு பௌர்ணமி.

மூப்பை விரைவுபடுத்துவது யார்? கடைக்காரரேதான். வெளிச்சத்தை உச்சத்தில் வைத்தால் எல்இடி சூடேறிச் சீக்கிரம் சாகும். தோசைக்கல் ஆவி காற்றுத் துளைகளில் எண்ணெயாகப் படிய, தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மேசை துடைத்த அதே ஈரத்துணி திரைக்கு ஏறும். வழியும் தண்ணீர் கீழ்விளிம்பில் உள்ள இணைப்புகளுக்குள் இறங்கினால் நெடுக்குக் கோடுகள் நிச்சயம். ரிமோட்டுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை!

கடைசிப் பருவம் இருட்டு. எல்இடிகள் தொடராகக் கோர்க்கப்பட்டவை; ஒன்று போனால் வரிசையே அணையும். படம் இல்லை, குரல் மட்டும் வரும். "அண்ணே, டிவி செத்துப்போச்சு" என்பது அவசரத் தீர்ப்பு. கைப்பேசி டார்ச்சைத் திரைக்குச் சாய்வாக அடித்தால் ஆட்டக்காரர்கள் மங்கலாக ஓடுவது தெரியும். உலகக் கிண்ண இரவானால் யாரும் எழுந்து போவதில்லை. இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டு வர்ணனையைக் கேட்பார்கள். கோலை யார் அடித்தது என்பதில் மட்டும் மேசைக்கு மேசை பாடபேதம் உண்டு.