நிலையாமைக்கு ஒரு சேர்ந்திசை

அருங்காட்சியகக் கூடத்தில் சேர்ந்திசைக் குழுவை நிறுத்தி, கலைப்பொருளும் மனிதரைப் போல மூத்து மறையும் என்று பாடவைக்கிறார்கள். பார்வையாளர் கண் கலங்குகிறார்கள். நல்லது. அடுத்த கச்சேரி ரியோ டி ஜெனிரோவில் நடக்கட்டும். பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் நிலையாமையைச் செய்தே காட்டிவிட்டது.

2018 ஜூனில் அதற்கு 200 வயது நிறைந்தது. செப்டம்பர் 2 இரவு தகனம். சுமார் 2 கோடிப் பொருள்கள் இருந்த கட்டடத்தில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லை. அருகிலிருந்த தீயணைப்புக் குழாய்களில் போதிய தண்ணீர் வரவில்லை. வீரர்கள் டேங்கர் லாரிகளுக்குக் காத்திருந்தார்கள். தீ கிளம்பியது அரங்கத்துக் குளிரூட்டியிலிருந்து என்றது விசாரணை. பேச்சாளருக்குக் குளிர்ச்சி இருந்தது. தீக்குத்தான் தண்ணீர் இல்லை.

குரல்களை நானே பிரித்துத் தருகிறேன். தார ஸ்தாயி, பராமரிப்புப் பணத்தை வெட்டிய நிதித்துறைக்கு. கரையான் அரித்த டைனோசர் பீடத்துக்காக அருங்காட்சியகம் பொதுமக்களிடம் துண்டேந்திய கதையை அது பாடட்டும். மத்திம ஸ்தாயி, நாட்டின் வளர்ச்சி வங்கிக்கு. தீத்தடுப்பு உட்பட 2.17 கோடி ரெயால் தர ஜூனில்தான் ஒப்பந்தம். பணத்தை முந்திக்கொண்டு தீ வந்தது. மந்தர ஸ்தாயி, அன்றைய அதிபர் மிஷெல் டெமெருக்கு. இழப்பு கணக்கிட முடியாதது என்று துக்கம் தெரிவித்தாரே! கொடுக்காத பணத்தைக் கணக்கிடலாம், சல்லி பிசகாமல்.

பாட்டு என்றாலே வயிறு எரிகிறது. பேச ஆளில்லாமல் போன பூர்வகுடி மொழிகளின் பாடல் பதிவுகள் அங்கேதான் இருந்தன. கருகிவிட்டன. பூர்வகுடி மக்களோடு வாழ்ந்து இனவியலாளர் கர்ட் நிமுவெண்டாஜு சேர்த்த ஆவணங்களும் சாம்பல். பாடியவர்கள் ஒருமுறை செத்தார்கள்; அவர்கள் குரலை அரசாங்கம் இன்னொரு முறை கொன்றது. இதற்குப் பெயர் நிலையாமையாம்!

வானிலிருந்து விழுந்த பெண்டெகோ விண்கல், 5 டன்னுக்கு மேல் எடை, தப்பி நின்றது. பராமரிப்பு நிதி கேட்காது, கரையான் தொடாது, தீயும் தீண்டாது. அமைச்சகங்கள் விரும்பும் காட்சிப்பொருள் அதுதான்.

துறவி நிலையாமை பேசினால் ஞானம். தண்ணீர்க் குழாய்க்குப் பொறுப்பானவர் பேசினால் அது வாக்குமூலம். ஆகவே பாடகர்களே, ‘எல்லாம் அழியும்’ என்று இழுக்க வேண்டாம். எந்த ஆண்டு எவ்வளவு வெட்டினார்கள், எந்தக் கோப்பு யார் மேசையில் தூங்கியது என்று பாடுங்கள். ராகம் எதுவானாலும் சரி. பெயர்களைத் திருத்தமாக உச்சரியுங்கள்.