கண்மாய்க்குள் ஒரு சாலை

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தக் குழந்தைக்கும் காது குத்துவதில்லை. போன கார்த்திகையில், ஒரு வெள்ளிக்கிழமை, தங்கச்சி மகளுக்குக் காது குத்து. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பத்தரைக்கு ராகு காலம். அன்று காலை ஒன்பது மணிக்கு, சீர்த்தட்டு பதினொன்று, மாலை இரண்டு, தோடு ஒரு ஜோடி, மனைவி, அப்பத்தா சகிதம், தாய்மாமனாகிய நான் ஒரு கண்மாயின் விளிம்பில் காரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தேன். "நானூறு மீட்டர் நேராகச் செல்லவும்" என்றது போன். நேர் எதிரே ஒரு முக்குளிப்பான் நீந்திப் போய்க்கொண்டிருந்தது.

கோயில், மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம். காளையார்கோவிலைத் தாண்டி எங்கோ உள்ளே, கண்மாய்க்கரை அய்யனார். நான் போனதில்லை. முதல் நாளே கூப்பிட்டு வழி கேட்டேன்.

"வழி எதுக்கு மச்சான்? லொக்கேஷன் போட்டு விடுறேன். கண்ண மூடிக்கிட்டு வாங்க."

அப்படித்தான் வந்தேன்.

நங்கநல்லூரில் நள்ளிரவு கிளம்பி, காரைக்குடி வரை ஒரு குறையும் இல்லை. எந்த டோல்கேட் எத்தனை நிமிஷத்தில் வரும், எங்கே கேமரா இருக்கிறது, எல்லாம் போனுக்கு அத்துப்படி. பின் சீட்டில் அப்பத்தா பொட்டுத் தூக்கம் இல்லாமல் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டு வந்தாள். திருமயம் தாண்டும்போது பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

"ராத்திரி பூராம் முழிச்சிருந்து வழி சொல்லுதே, இந்தப் புள்ளைக்கு எந்த ஊரு?"

"அது மிஷின் அப்பத்தா. மேல சாட்டிலைட் சுத்துது. அத வச்சுச் சொல்லுது."

"அப்ப மேல இருந்து நம்மளப் பாத்துக்கிட்டே வருதாக்கும்" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

அப்பத்தாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் செயற்கைக்கோள் யாரையும் பார்ப்பதில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, இப்போது மணி என்ன, தான் எங்கே இருக்கிறேன் என்ற இரண்டே சேதியை ஓயாமல் ஒலிபரப்புகிறது. நான்கு கோள்கள் சொல்வதைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்று கணக்குப் போட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது போன். 2000 மே மாதம் வரை அமெரிக்கா அந்தச் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்துதான் பொதுஜனத்துக்கு விட்டது. நூறு மீட்டர் வரை இடம் தள்ளிக் காட்டும். இப்போது திறந்த வெளியில் சில மீட்டர்தான் பிசகும். ஆக, நான் எங்கே நிற்கிறேன் என்பதில் சந்தேகமே இல்லை. எனக்கு முன்னால் கிடப்பது தார்ச் சாலையா, தண்ணீரா என்பது வேறு சங்கதி. அது கோளுக்குத் தெரியாது. எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து கோடு போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காளையார்கோவிலைத் தாண்டி ஊர்ச் சாலையில் இறங்கியதும் நெட்வொர்க் போனது. படம் அழிந்து, வெறும் சாம்பல் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் மிச்சம். நான் இருக்கிற இடம் துல்லியமாகத் தெரிந்தது. அது எந்த இடம் என்றுதான் தெரியவில்லை.

மறுபடி சிக்னல் வந்தபோது, கோயில் நகர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை அனுப்பியது லைவ் லொக்கேஷன். வாழையிலை குறைகிறது என்று அவர் பைக்கை எடுத்துக்கொண்டு சிவகங்கைக்குக் கிளம்பிவிட்டார். அய்யனார் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கடைவீதியை நோக்கிப் போனார். கூப்பிட்டால் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்காத நல்ல பழக்கம் அவருக்கு அன்றைக்கென்று வந்திருந்தது.

சரி, ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுவோம் என்றால், ஊர் புதுப்பட்டி. தமிழ்நாட்டில் புதுப்பட்டியை எண்ணி முடித்தவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. போதாததற்கு, போன் ஆங்கிலத்தில் கேட்கிறது. 'து'வுக்கு அந்த 'டி' போடுவதா, இந்த 'டி' போடுவதா, பக்கத்தில் 'எச்' உண்டா, 'பி' ஒன்றா இரண்டா? தமிழில் எழுதினால் அந்த இரண்டு எழுத்துமே 'டி'தான், வம்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இதைச் சீராக்குகிறேன் என்று 2020இல் தமிழக அரசே இறங்கி, 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூரை எழுத வேண்டிய நீளத்தைப் பார்த்து ஊரே சிரித்ததில், சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அரசாங்கமே பின்வாங்கிய இடத்தில் நான் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்.

நாலாவது எழுத்துக்கூட்டில் ஒரு புதுப்பட்டியும், பக்கத்தில் ஒரு அய்யனார் கோயிலும் கிடைத்தன. நீலக் கோடு நேராகப் பாய்ந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துப் போய்த்தான் முக்குளிப்பானைச் சந்தித்தேன்.

அந்தச் சாலை பொய்யில்லை என்பதைப் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சித்திரையில் கண்மாய் வற்றிவிடும். வண்டல் மண் அள்ள டிராக்டர்கள் உள்ளே இறங்கி ஏறி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வெள்ளை வெளேரென்று தடம் விழுந்துவிடும். வானத்திலிருந்து படம் எடுப்பவர்களுக்கு மேகமில்லாத நாள் வேண்டும். நம் பக்கம் மேகமில்லாத நாள் என்றால் கோடைதான். ஆக, படத்தில் விழுவது பெரும்பாலும் கோடைக்காலத்து ஊர். தண்ணீர் இல்லாத நாளிலும் அந்த இடத்தைக் கண்மாய் என்று எழுதி வைத்திருக்கிறது தாலுகா ஆபீஸ் பதிவேடு. தண்ணீர் தளும்புகிற நாளிலும் அதைச் சாலை என்கிறது போன்.

வரைபடக்காரர்களுக்கும் நம் மண்ணுக்கும் ஆதியிலிருந்தே ராசி இல்லை. இந்தியாவையே அளந்த பெரிய சர்வே 1802இல் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பரங்கிமலையில்தான் தொடங்கியது. லாம்டன் என்ற வெள்ளைக்காரர் அங்கே சங்கிலி போட்டு ஒரு கோட்டை அளந்துவிட்டு, அதிலிருந்து கோணம் பார்த்து அளந்துகொண்டே தெற்கே வந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அரை டன் எடையுள்ள கருவியை ஏற்றப்போக, கயிறு அறுந்து அது கல்லில் மோதி நசுங்கியது. மனுஷர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தானே தட்டிக் கொட்டிச் சரிசெய்தார். ஒரு கோட்டை இழுப்பதற்கு முன்னால் உயரத்தில் ஏறிக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. நானும் கார்மேல் ஏறிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். "வேட்டி பட்டு, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் மனைவி.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எங்க போகணும்?"

"அய்யனார் கோயிலுக்குங்கய்யா."

"எந்த அய்யனாரு?"

"காது குத்து நடக்குதே…"

"ஓகோ. நீங்க யாரு?"

"தாய்மாமன்."

பெரியவர் வானத்தைப் பார்த்தார், வெயிலை வைத்து மணி பார்த்தார். "நல்ல தாய்மாமன்தான்" என்றார். "வந்த தடத்துலயே திரும்பி வடக்கால போங்க. மடை வரும். மடையத் தாண்டுனா ஒத்தப் பனை. பனை இப்ப இல்ல, போன வருசம் இடி விழுந்து கருகிப்போச்சு. அது நின்ன எடத்துல கெழக்கால ஒடிச்சா, கூப்பிடு தூரந்தான்."

எனக்கு வலம், இடம் தெரியும். வடக்கு எங்கே இருக்கிறது என்று நங்கநல்லூரில் யாரும் கேட்பதில்லை. இந்தப் பக்கத்திலோ பந்தியில் சாம்பார் வாளியைக்கூட 'மேக்கால கொண்டா' என்றுதான் கூப்பிடுவார்கள். இல்லாத பனையைத் தேடி, தெரியாத திசையில் போக வேண்டும். போன் வேறு, "இயன்றவுடன் திரும்பவும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

அப்போது அப்பத்தா வாயைத் திறந்தாள். "அந்தப் புள்ளையச் சித்த நேரம் சும்மா இருக்கச் சொல்லு. கண்ணாடிய எறக்கு."

போனை அமர்த்தி, ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினேன். தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காற்றில் விட்டு விட்டு, கோயில் ரேடியோ செட் கேட்டது. பாட்டு நின்று, குழாயில் ஒரு குரல் கரகரத்தது.

"தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனடியாகக் கோயிலுக்கு வரவும்."

எங்கிருக்கிறேன் என்பது எனக்குச் சில மீட்டர் சுத்தமாகத் தெரியும். கண்ணாடியை ஏற்றாமலே வண்டியைத் திருப்பினேன். சத்தம் தேய்ந்தால் அப்பத்தா "தப்பு" என்பாள், கூடினால் "போ" என்பாள். மடை வந்தது. மடையைத் தாண்டி ஒரு கருகிய அடிமரம் நின்றது. அங்கே அவள் சொன்ன பக்கம் ஒடித்தேன், அதுதான் கிழக்காக இருக்க வேண்டும். பத்து அஞ்சுக்கு, மாலைக்குப் பாதிப் பூ உதிர்ந்த நிலையில், அய்யனார் முன்னால் போய் இறங்கினோம். மருமகள் மடியில் உட்கார்ந்து வீறிட்ட வீறலில் ரேடியோ செட்டே தோற்றது. ராகு காலத்துக்குப் பத்து நிமிஷம் மிச்சம் வைத்து வேலை முடிந்தது. வாழையிலையோடு மாப்பிள்ளை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். "லொக்கேஷன் கரெக்டா இருந்துச்சா மச்சான்?" என்று கேட்டார்.

சென்னை திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று 2004இலிருந்து இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தம் ஊரை அதில் வரையலாம். அதில் அந்தக் கண்மாயைத் தேடிப் பிடித்துக் கரை போட்டேன், மடை போட்டேன், அய்யனாரைத் தமிழிலேயே பெயர் எழுதி உட்கார வைத்தேன். சில மாதங்கள் மட்டும் தண்ணீர் நிற்கும் இடம் என்று குறிக்கவும் அதில் வழி உண்டு, குறித்திருக்கிறேன். அப்பத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் செய்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, ஊரணியையும் வண்டித்தடத்தையும் இப்படி ஏற்றிவிட்டு வந்தால் புண்ணியம் உண்டு. நம் ஊரை நாம் சொல்லாமல் 20,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பதற்கு எப்படித் தெரியும்?

அதெல்லாம் போனுக்கு வந்து சேரும்வரை, கார்த்திகையில் எங்கள் பக்கம் வருகிறவர்கள் தயவுசெய்து கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டவும்.