33 சதவீதம் மூழ்கக் கத்துக்கோ நைனா

சிப்காட்டுல ஷிஃப்டு பார்த்தது போதும், கயினியில எறங்கிப் பயிர் வெக்கப்போறேன்னு சொல்றியாமே நைனா? நல்லா வெய்யி. நெல்லு வெளைய வெக்கறதை எவன் வேணாலும் சொல்லிக்குடுப்பான். புயல்ல நஷ்டப்படறதுக்குன்னு ஒரு முறை கீது. அதைத் தாத்தாகிட்ட கத்துக்கினு போ.

மொதல்ல, நிவாரணம் வேணும்னா பயிரு 33 சதவீதம் போயிருக்கணும். 32 போச்சுன்னா உனக்கு ஒண்ணுமே ஆகலை, போய் வேலையைப் பாரு. 2015 வரைக்கும் பாதி போனாத்தான் பணம். அந்த வருசம் டில்லிக்காரங்க மனசு எறங்கி, மூணுல ஒரு பங்கு போதும்னுட்டாங்க. ஆகையால அடைமழையில கொடையோட வரப்புல நின்னு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு வருணபகவானுக்குச் சொல்லிக்கினே இரு. 33 வந்ததும் கையைக் காட்டி நிறுத்திடு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துதே, அப்போ நம்ம கவர்மெண்டு தொகையைக் கூட்டித்தான் குடுத்துது. இல்லேன்னு சொன்னா வாய் அழுகிடும். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 13,500 இருந்ததை 17,000 ஆக்கினாங்க. ஹெக்டேர்னு கேட்டா பெருசாத்தான் கீது. ஏக்கருக்குப் பிரிச்சா 6,880 சொச்சம். டிராக்டர்காரனுக்கும் நடவாளுங்களுக்கும் குடுத்துட்டுத் திரும்பினா உரக்கடைக்காரன் உன் திண்ணையில உக்காந்திருப்பான். அதே அறிவிப்புல மாடு செத்தா 37,500, ஆடு செத்தா 4,000. அஞ்சு ஏக்கர் நெல்லு அடியோட அழுகினாலும் ஒரு மாட்டுக்கு ஈடில்ல, பார்த்துக்கோ.

மாட்டுக்கும் ஒரு நிபந்தனை: வூட்டாண்டயே சாகணும். பிச்சாட்டூர் அணையைத் தொறந்து ஆரணி ஆத்துல வெள்ளம் வர்றப்போ அடிச்சிக்கினு போய்ப் பழவேற்காட்டு ஏரியில சேர்ந்துதுன்னா, மாட்டு டாக்டரு எதைப் பார்த்துச் சான்று குடுப்பாரு? முன்கூட்டியே மாட்டுக்கிட்டப் பேசி வெச்சிக்கோ.

அப்புறம் கணக்கெடுக்க வருவாங்க, ரெவின்யூவும் விவசாய ஆபீசும் ஒண்ணா. தண்ணி வடிஞ்ச பொறவுதான் வண்டி வரும். அப்போ ரோட்டுல நின்னு பார்த்தா சம்பாப் பயிரு பச்சையாத்தான் தெரியும். எறங்கி ஒரு தூரைப் புடிச்சு இழுத்தா, வேரு கருத்து, தண்டு வழவழன்னு கையோட வரும், சாக்கடை நாத்தம் நாறும். ரோட்டுல நிக்கிற செருப்புக்கு அந்த நாத்தம் எட்டாது. அதனால நாலு தூரைப் புடுங்கி எடுத்துக்கினு வண்டிக்கு முன்னாடி போய் நில்லு. போட்டோவுக்குச் சிரிச்சிடாதே, நஷ்டம் கொறைஞ்சிடும்.

எல்லாத்தையும் விட முக்கியமானது பட்டா. கயினி உன்னுதா? இல்ல, சிப்காட்டாண்ட வெலை ஏறும்னு மெட்ராஸ்காரரு வாங்கிப் போட்டது. சும்மா கெடக்கறதை நீ குத்தகைக்கு உழுவறே. சேறு உன் கால்ல, பட்டா அவரு பீரோவுல. குத்தகைக்காரன் பேரைப் பதிய 1969லயே சட்டம் வந்துடுச்சு. ஆனா சீட்டு எழுதிக் குடுன்னு கேட்டுப் பாரு, அடுத்த பட்டத்துக்கு நிலமே இருக்காது. மழை பேஞ்சது மாம்பலத்துல ஒரு வூட்டுக்காரருக்குன்னும், நனைஞ்சது நீன்னும் நெனைச்சிக்கோ.

சிரிச்சது போதும். கார்த்திகை பொறக்கறதுக்கு முன்னயே சம்பாவுக்குக் காப்பீடு கட்டிடு. வி.ஏ.ஓ.வைப் பார்த்து அடங்கல்ல என்னா பயிரு, எவ்ளோ ஏக்கர்னு ஏத்திட்டாரான்னு உன் கண்ணால பாரு. ஆதாரும் பேங்கு கணக்கும் ஒரே பேருல கீதான்னு பாரு. இனிஷியல் மாறினாலும் பணம் அலையும்.

கணக்கெடுக்க வர்ற ஆபீசருங்களுக்கும் ஒரு வார்த்தை. செருப்பைக் கழட்டி வெச்சிட்டுக் கயினிக்குள்ள எறங்குங்க சாமி. பட்டாவுல யாரு பேரு இருந்தாலும், அந்தப் பட்டத்துக்கு உழுதவன் யாருன்னு பக்கத்துக் கயினிக்காரனைக் கேட்டு, அவன் பேரையும் எழுதிக்கங்க.