எல்லாமே ஒரிஜினல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடைக்குப் பஞ்சமில்லை. போலிக் கடைக்குத்தான் பஞ்சம். எந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தாலும் ‘ஒரிஜினல்’. பக்கத்துக் கடையும் ஒரிஜினல், எதிர்க்கடை அதைவிட ஒரிஜினல். 2019-இல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டது. வெளியூர்க்காரன் இந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பதோடு அது ஒதுங்கிக்கொண்டது. உள்ளூரில் யார் அசல் என்ற பஞ்சாயத்தில் தலையிட அதற்கும் துணிச்சல் இல்லை.

வேனிலிருந்து இறங்குகிறவர்கள், "அண்ணாச்சி, நல்ல பால்கோவா எங்க கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆண்டாளுக்கு வழி கேட்கிறார்கள். அண்ணாச்சியும் தயங்காமல் கை காட்டுவார். அது அவர் மச்சினன் கடையாக இருப்பது தற்செயல்.

ஆண்டாள் கோயில் கோபுரத்தின் கதை இன்னும் பாவம். பதினொரு நிலை, தமிழக அரசு முத்திரையிலேயே நிற்கிறது. இடமாற்ற ஆணையிலும் அதுதான், மெமோவிலும் அதுதான். அதனால்தானோ என்னவோ, உள்ளூர் அரசு ஊழியர்கள் நேரில் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஷேர் ஆட்டோவில் இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

பால்கோவாவுக்கு வேண்டியது பாலும் சர்க்கரையும். அப்புறம் இரும்பு வாணலி, விறகடுப்பு, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கும் ஒரு கை. அந்தக் கைக்குப் பலகையில் இடமில்லை, முதலாளியின் தாத்தா படத்துக்கு இருக்கிறது.

போனால் பலகையைப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள். பின்கட்டில் புகை வருகிற கடையாகப் பார்த்து, சூடாகக் கால் கிலோ வாங்குங்கள்.