மடற்குழுவுக்கு மனை பார்த்தல்: எடப்புளி நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

வீடு கட்ட மனையடி சாஸ்திரம் உண்டு. கிணறு வெட்ட நீரோட்டம் பார்ப்பவர் உண்டு. ஊர்க்காரர்கள் கடிதம் எழுதிப் பேசும் மின்மடற்குழுவை எங்கே குடிவைப்பது என்பதற்கு மட்டும் தமிழில் நூல் இல்லை. அக்குறை இன்றோடு தீர்கிறது. ஆய்வுக் களம் கொல்லிமலையின் எடப்புளி நாடு. மலையில் இருப்போரும் பிழைப்புக்குக் கீழே இறங்கியோரும் மிளகு விலை, கோயில் நோன்பு, பஸ் நேரம் பற்றிப் பேச ஒரு குழு கேட்கிறார்கள் என்று கொள்வோம்.

'வாட்ஸ்அப் போதாதா?' என்பது பூர்வபட்சம். போன மாசியில் சொன்ன மிளகு விலையை, காலை வணக்கப் பூக்களை விலக்கி அங்கே தேடி எடுத்தவர் யாரேனும் இருந்தால் முன்வரட்டும். வரமாட்டார்கள். மேலே செல்வோம்.

மனை மூவகை: புறம்போக்கு, பட்டா, வாடகை.

புறம்போக்கு என்பது இலவசச் சேவை. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். கொடுத்ததை அவன் திரும்பக் கேட்டதாகப் புலவர் யாரும் பாடவில்லை. யாகூ கேட்டது. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று தமிழர்கள் இரவு பகலாக வழக்காடிய குழுக்கள் யாகூவின் நிலத்தில்தான் இருந்தன. பழைய கடிதங்களை அழிக்கப்போவதாக 2019 அக்டோபரில் யாகூ அறிவித்தது. 2020 டிசம்பர் 15 அன்று கடையையே மூடியது. வெண்பாவுக்குத் தளை தட்டியதா என்று மாதக்கணக்கில் சண்டை போட்ட இனம், குடியிருக்கும் மனை யாருடையது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த நிலத்தின் பூர்வீகமும் சுவையானது. ஒன்லிஸ்ட் என்ற பெயரில் அதைத் தொடங்கியவர் மார்க் பிளெட்சர். அது ஈகுரூப்ஸோடு சேர்ந்தது. 2000இல் யாகூ வாங்கியது. அதே பிளெட்சர் 2014இல் குரூப்ஸ்.ஐஓ என்று இன்னொரு மனை போட்டார். யாகூ மூடியபோது பலர் அங்கேதான் குடிபோனார்கள். விற்றவரே பக்கத்தில் மறுபடி மனை போடுவது ரியல் எஸ்டேட்காரர்கள் அறிந்த வித்தைதான்.

பட்டா நிலம் என்பது சொந்த சர்வர். மெயில்மேன் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவினால் நாமே ராஜா. அந்த சர்வரை எடப்புளி நாட்டில் ஒரு வீட்டுப் பரணில் வைத்தால் என்ன ஆகும்? இடி இடித்தால் கரண்ட் போகும். அதுகூடப் பரவாயில்லை. வீட்டு இணைப்பிலிருந்து கிளம்பும் மடலைப் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் சந்தேகக் கேஸாகவே பார்க்கும். 70 கொண்டை ஊசி வளைவும் பத்திரமாக இறங்கிய கடிதம் ஸ்பேம் பெட்டியில் போய் விழும்.

பட்டா இருந்தாலும் பிறர் விதியை மாற்றினால் பாதிப்பு உண்டு. 2014 ஏப்ரலில் யாகூ தன் அஞ்சல் விதியை இறுக்கியது: யாகூ முகவரியோடு வேறு சர்வரிலிருந்து வரும் கடிதத்தை ஏற்காதீர்கள் என்றது. மடற்குழுவின் வேலையே உறுப்பினர் பெயரில் கடிதத்தைத் தன் சர்வரிலிருந்து திருப்பி அனுப்புவதுதான். ஆக யாகூக்காரர் எழுதினார், ஜிமெயில் அதைத் திருப்பியடித்தது, கடிதம் திரும்புகிறதே என்று மென்பொருள் ஜிமெயில்காரரைக் குழுவை விட்டு நீக்கியது. எழுதியவர் ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு. எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் காணாத தீர்ப்பு இது.

வாடகை என்பது காசு வாங்கும் சேவை. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதாமாதம் காசு கேட்பார்கள்; கேட்கிறவரை இருப்பார்கள்.

எனவே முடிபு: குழு வாடகைக்கே போகட்டும், ஆனால் இணையப் பெயரை ஊரே வாங்கி வைத்துக்கொள்ளட்டும். வீடு மாறினாலும் முகவரி மாறாது. கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவர் கோபித்துக்கொண்டு போவது உறுதி. கடிதக் கட்டின் நகலை வருடம் ஒருமுறை இறக்கி வையுங்கள்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பழைய யாகூ குழுக் கடிதங்கள் உங்கள் பழைய கணினியில் கிடந்தால், அந்தக் கணினியைக் காயலான் கடைக்குப் போடுமுன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.