ஆமி லொறி வாங்கப் போகும் தம்பிக்கு

ஆமி கழித்த லொறி ஒன்றை ஏலத்தில் எடுக்கப் போகிறாயாம். தப்பில்லை, தம்பி. மஸ்கெலியாவிலிருந்து நம் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டைப் பார்த்தவன் பட்டா லொறி வாங்கமாட்டான். நாலு சில்லும் இழுக்கிற, வயிறு உயர்ந்த, சேற்றுக்கும் பள்ளத்துக்கும் என்றே செய்த வண்டிதான் இங்கே சரி. யுத்தம் 2009 மே மாதம் முடிந்துவிட்டது. குண்டு ஒன்றும் விழாத நம் மலையில் ரோடு மட்டும் இன்னும் ஷெல் அடித்த மாதிரியே கிடக்கிறது.

அது தானாகக் கெடவில்லை, சட்டப்படி கெட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதன் புண்ணியத்தில் பிரதேச சபைக்கு நாம் வோட்டுப் போடலாம், ஆனால் சபை தன் காசில் தோட்டத்துக்குள் ஒரு கூடை கல் கொட்ட முடியாது. எலக்‌ஷனுக்கு எலக்‌ஷன் அதே ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஏறி வந்து கும்பிட்டவர்களுக்கு இடுப்பு வலித்ததே தவிர, அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை நேரம் கிடைக்கவில்லை. முப்பத்தொரு வருடம்! இப்போது சட்டம் திருந்திவிட்டது. பள்ளத்துக்கு அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

சரி, லொறிக்கு வருவோம். சந்தையில் இனியும் வரும். 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சே சொன்னது: 200,783 பேர் கொண்ட தரைப்படையை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்பார்களாம். ஆள் குறைந்தால் வண்டி மிஞ்சத்தானே வேண்டும். விலைதான் உதைக்கும். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதும் நாட்டிலிருந்த பழைய இரும்பெல்லாம் தங்கமாகிவிட்டது. 2025இல் கதவைத் திறந்த பிறகும் அந்த நினைப்பு விற்கிறவர்களை விட்டுப் போகவில்லை. லொறி விலை அப்படி ஏற, உன் அம்மாவின் நாட்சம்பளமோ 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாய் ஆனது. அதற்கு எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை வழக்கு, எத்தனை மாலை மரியாதை! அதிலும் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். லொறி கால் பாரத்தோடு ஓடினாலும் டீசல் கேட்கும். அதற்கு அரைப்பேர் போட எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் தைரியம் வராது.

ஏலத்தில் ஒரு நிபந்தனைக்குக் கையெழுத்துப் போடுவாய். உள்ள நிலையில், உள்ள இடத்தில், உத்தரவாதம் இல்லாமல் எடுத்துக்கொள் என்று இருக்கும். பயப்படாதே, நேர்மையான பேச்சு அது. விற்கிறவனே இது கழித்த சாமான் என்று ஒப்புக்கொள்கிறான். 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோதும், 1992இல் கம்பனிகளின் கையில் கொடுத்தபோதும், செடி, ஃபெக்டரி, துரை பங்களா, லயம், லயத்துக்குள் நாம் என்று எல்லாமே உள்ள இடத்தில் உள்ளபடிதான் கைமாறின. அந்த லயங்களுக்குக் கழிக்கும் தேதி மட்டும் யாரும் குறிக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கூரைக்குக் கீழே உன் மகனும் படிக்கப்போகிறான். ஆமி தன் லொறியை அவ்வளவு காலம் ஓட்டியிருந்தால் ஓடிட்காரர் சும்மா விட்டிருப்பாரா?

அடுத்தது வண்டியின் பதிவுப் புத்தகம். இதில் ஏமாந்தால் எல்லாம் போச்சு. ஓட்டுவதற்குப் பதியலாமா, இரும்பு விலைக்கு மட்டும்தான் தருகிறார்களா என்பதை ஏல அறிவித்தலிலேயே பார்த்துக்கொள். சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் கிரீஸைத் துடைத்துவிட்டு, ஏலத்தில் தரும் கடிதத்தோடு ஒப்பிடு. ஓர் எழுத்துப் பிசகினாலும் வண்டி எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும்.

அந்த நிலை நமக்குப் புதிதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் உன் பாட்டனிடம் அவருடைய அப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. காட்டை வெட்டிச் செடி நட்டவனிடம் பிறப்புப் பத்திரம் எங்கே இருந்தது? 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேர். அவர்களைப் பத்து வருடம் ஸ்டோரில் போட்டு வைத்துவிட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியென்று முடித்தார்கள். உதிரிப்பாகக் கடைக்காரன்கூட ஜோடிச் சாமானைப் பிரித்து விற்க ஒரு நிமிஷம் யோசிப்பான். கடைசியில் 2003இல் ஒரு சட்டம் போட்டு, எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை தந்தார்கள். ஐம்பத்தைந்து வருடம். உன் லொறிக்கு அத்தனை காலம் பிடிக்காது. அதற்கு அப்பன் பெயர் கேட்கமாட்டார்கள்.

இனி வண்டியை ஸ்டார்ட் பண்ணுவோம். சாவி போட்டதும் செத்தது மாதிரி கிடந்தால் பதறாதே. படை வண்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட், 12 வோல்ட் பெட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒன்று போனால் இரண்டையும் மாற்று, பழையதும் புதியதும் ஒத்துப்போகாது. டவுனில் வாங்கிய 12 வோல்ட் பல்பையோ ஹோர்னையோ நேரே கொடுத்தால் கருகிவிடும். நெடுநாள் நின்ற வண்டியின் டீசல் டேங்கில் தண்ணீரும் துருவும் அடியில் படிந்திருக்கும். கழற்றிக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால், மாற்றிக்கொண்டே இருப்பாய். லைனில் ஏறிய காற்றையும் வெளியே எடுக்க வேண்டும்.

ஹெட்லைட் எரியவில்லை என்று வயரையெல்லாம் பிடுங்குவதற்கு முன்னால் லைட் ஸ்விட்சைப் பார். எதிரியின் கண்ணில் படாமல் இருட்டில் ஊர்ந்து போக, மங்கல் வெளிச்சத்துக்கென்று தனி நிலை ஒன்று அதில் இருக்கலாம். புது ஆள் அந்த நிலையில் விட்டுவிட்டு பெட்டரியைத் திட்டுவான். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குப் பழைய மஸ்கெலியா டவுனையே கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் நாட்டுக்கு மின்சாரம் எடுக்க விட்ட ஊர் நம்முடையது. ஆனாலும் லயத்துப் பாதையில் இருட்டில் தடவி நடந்தே பழகியவன் நீ. அந்த மங்கலில் உனக்குக் குறையொன்றும் தெரியாது.

பிரேக்கில் மட்டும் விளையாடாதே. நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். சிலிண்டர் இறுகியிருக்கும். நாலு சில்லையும் கழற்றிப் பார்க்கும்வரை நோர்வூட் பக்கம் திரும்பாதே. டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது என்று கராஜ் பாஸ் சொன்னாலும் பக்கத்து ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று நீயே பார். நாலு சில்லு இழுவையைச் சேற்றுக்கு மட்டும் போடு. தார் ரோட்டில் போட்டுக்கொண்டே முடக்குகளில் திருப்பினால் கியர்ப் பெட்டி வரை முறுக்கேறும். தார் ரோட்டைக் கண்ட இடத்தில் எடுத்துவிடு. நம் பக்கத்தில் அதற்கு அதிகம் வேலை இருக்காது.

வண்டியை எங்கே நிறுத்துவாய்? லயக்காம்பரா 10க்கு 12 அடி, 120 சதுர அடி. பெரிய ஆமி லொறி நிற்க அதைவிட இடம் வேண்டும். உன் அப்பா, அம்மா, இரண்டு தங்கச்சிகள், பாட்டி எல்லாரும் படுக்கும் இடத்தில் உன் லொறியின் மூக்குத்தான் நுழையும். வாசலில் விடலாமென்றால் வாசல் கம்பனிக் காணி. துரைக்குக் கடிதம் கொடுத்து அனுமதி கேட்க வேண்டும். வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தருவோம் என்றார்கள், பிறகு பத்துப் பேர்ச் என்றார்கள். பேச்சில் காணி நன்றாகத்தான் வளர்கிறது. காணி உறுதி கைக்கு வந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். உனக்கு வரும்வரை, புத்தகமுள்ள லொறியை உறுதியில்லாத வாசலில் நிறுத்தி வை.

வண்டி ஓடத் தொடங்கினால் முதல் சவாரி விறகோ மரக்கறியோ ஆகாது. நடுச்சாமத்தில் யாராவது இஸ்தோப்பில் வந்து நின்று, வலி கண்டுவிட்டது, தூக்கிக்கொண்டு வருகிறோம் என்பார்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய வண்டி வரும், நல்ல பிள்ளைகள்தான். ஆனால் தோட்டத்து ரோடு விடுகிற இடம்வரைதானே அதுவும் வரும்? இதுவரை அந்த மிச்சத் தூரத்துக்குக் கொழுந்து லொறிதான். கொழுந்து நசுங்கினால் தரம் போய்விடும் என்று பார்த்துப் பார்த்து ஏற்றும் அதே லொறியில், பிள்ளைத்தாச்சியைச் சாக்குக்கு மேல் படுக்கப் போட்டுக்கொண்டு போவார்கள். நீ அவளை முன் சீட்டில் உட்கார வை. மெதுவாக ஓட்டு. அவளிடம் ஐந்து சதம் வாங்காதே.

ஆனால் பில் எழுது. டீசல், தேய்ந்த டயர், உன் தூக்கம் எல்லாவற்றுக்கும் போட்டு மூன்று பிரதி எடு. ஒன்று கம்பனிக்கு, ஒன்று பிரதேச சபைக்கு, ஒன்று போன முறை உன் அம்மாவின் கையைப் பிடித்து வோட்டுக் கேட்டவருக்கு. ரோடு எங்களுடையதல்ல என்று மூவரும் எழுத்தில் பதில் தந்தால் பத்திரமாக வைத்துக்கொள். யாருடையதும் இல்லையென்றால், அடுத்த ஏலத்தில் ரோட்டையும் சேர்த்துக் கேட்கலாம்.